திருகோணமலையிலிருந்து உலகப் புகழ்பெற்ற கட்டடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: மாதம், வாசல், வெளிச்சம், டிக்கெட்

தாஜ் மகாலுக்கு வெள்ளிக்கிழமை போய் இறங்கி, பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில் சூரியோதயத்தைப் படமெடுத்த கையோடு, சுவர்ச் சிற்பங்களைப் பார்க்காமலே காலைச் சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குத் திரும்புகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டு இடத்திலும் காசு செலவழிந்தாயிற்று, பார்க்க வேண்டியது பார்க்கப்படவில்லை. ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்கும் போக வேண்டிய மாதம், நுழைய வேண்டிய வாசல், சுற்ற வேண்டிய திசை என்று மூன்று உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு போனால் அரை நாளில் பார்ப்பது, தெரியாமல் போய் இரண்டு நாள் அலைவதைவிட மேல். உலகத்தில் உள்ளதையெல்லாம் இங்கே பட்டியல் போடவில்லை. திருகோணமலையிலிருந்து போகக்கூடிய, போனால் நமக்கு அர்த்தமுள்ள சில இடங்கள் மட்டும்.

முதலில் பொலன்னறுவை

விமானம் ஏறுவதற்கு முன் ஒரு நாளைப் பொலன்னறுவைக்கு ஒதுக்குங்கள். ஹபரணை வழியாகப் பஸ்ஸில் போகலாம். ரயிலென்றால் கல் ஓயாச் சந்தியில் மட்டக்களப்பு ரயிலுக்கு மாற வேண்டும். நகரத்தில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், இடிபாடுகளைச் சுற்ற அதைவிட நல்ல வாகனம் இல்லை. கல் விகாரையை எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் தேடிப் போக வேண்டியது இரண்டாம் சிவ தேவாலயம். வானவன் மாதேவி ஈச்சரம் என்பது அதன் பெயர். சோழர் காலத்துக் கற்றளி (கல்லால் கட்டிய கோயில்), பொலன்னறுவையில் இன்று நிற்கும் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று, சுவரில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு.

அதைச் சுற்றி வந்து அடிப்பகுதி, சுவர், அதிலுள்ள கோட்டங்கள் (சிலை மாடங்கள்), மேலே விமானம் எனப்படும் கருவறைக் கோபுரத்தின் தளங்கள், உச்சியில் சிகரம் என்று கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே பார்வையில் முழுக் கட்டடமும் அடங்கும் அளவில் சிறியது என்பதால் கண் பழகுவதற்கு ஏற்றது. இதே உறுப்புகளைத்தான் தஞ்சாவூரில் பல மடங்கு பெரிதாகப் பார்ப்பீர்கள். அங்கோரிலும் ஜாவாவின் பிரம்பானன் கோயிலிலும் வேறு கைகள் வேறு விதமாகக் கையாண்டிருப்பதும் அப்போது தானாகப் பிடிபடும்.

சீகிரியாவைச் சேர்ப்பதானால் வாசல் திறக்கும் நேரத்துக்கே நில்லுங்கள். சுமார் 1200 படி, பத்து மணிக்கு மேல் பாறை சுடும். சிங்கப் பாதத்துக்கு மேல் குளவிக் கூடுகள் உண்டு, அந்த இடத்தில் சத்தம் போடக் கூடாது. உள்ளூர்க் கட்டணத்துக்கு அடையாள அட்டையைக் காட்ட வேண்டி வரலாம்.

எந்த மாதம்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல், படகு, வாகனம் என்று தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே வாடைக்காற்றும் மழையும் தொடங்கி ஆக்கள் வராத நவம்பர் முதல் பெப்ரவரி வரையான காலம்தான் அங்கோருக்கும் எகிப்துக்கும் மிகச் சிறந்த காலம். ஜனவரி, பெப்ரவரி தஞ்சாவூருக்கும் நல்லது. ஆக்ராவுக்கு மட்டும் டிசம்பரும் ஜனவரியும் வேண்டாம். மூடுபனி இறங்கினால் பத்து மணி வரை தாஜ் கண்ணிலேயே படாது, டெல்லி ரயில்களும் மணிக்கணக்கில் பிந்தும். ஆக்ராவுக்குப் பெப்ரவரிக் கடைசி, மார்ச், அல்லது ஒக்டோபர்.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு இதற்கு நேர்மாறு. அங்கேயுள்ள போரோபுதூருக்கு மே முதல் செப்டெம்பர் வரை மழையில்லாத காலம், அதாவது நம்மூரில் சீசன் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். உல்லாசப் பயணத் தொழிலில் உள்ளவர் அதற்கு வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஜோர்தானின் பெட்ராவுக்கு மார்ச் முதல் மே, பிறகு ஒக்டோபர், நவம்பர்.

கடவுச்சீட்டு, பெயர், வழி

கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டுமென்றில்லை. திருகோணமலை ஆக்களுக்கு வவுனியாப் பிராந்திய அலுவலகம் கிட்ட. திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில் படமெடுத்தால் படத்தை அவர்களே இணையத்தில் அனுப்பிவிட்டு ஒரு ரசீது தருவார்கள். அந்த ரசீது, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றின் மூலப்பிரதியும் போட்டோப் பிரதியும் கையில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறு வேறாக எழுதியிருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். அதை முதலில் சரிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அந்தக் கவுண்டரிலேயே பயணம் நின்றுவிடும்.

பழைய கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முடிவுத் திகதியைப் பாருங்கள். போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் மிச்சமில்லாவிட்டால் பல நாடுகள் உள்ளே விடமாட்டா, விமான நிறுவனம் கட்டுநாயக்காவிலேயே நிறுத்திவிடும்.

விமான டிக்கெட்டில் பெயர் போடும்போது முதலெழுத்து போடாதீர்கள். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருந்து டிக்கெட்டில் ஓரெழுத்து மட்டும் இருந்தால் அது வேறு பெயர் என்றே கணக்கு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று எது இருக்கிறதோ அதையே டிக்கெட்டிலும் விசாவிலும் குடும்பப் பெயராகப் போடுங்கள், அது அப்பாவின் பெயராக இருந்தாலும் சரி, உங்கள் சொந்தப் பெயராக இருந்தாலும் சரி.

கொழும்பிலிருந்து அங்கோருக்கோ, போரோபுதூருக்குப் போக இறங்கும் யோக்யகர்த்தாவுக்கோ நேரடி விமானம் இல்லை. பாங்கொக், கோலாலம்பூர், சிங்கப்பூர் போன்ற இடத்தில் மாற வேண்டும். மலிவாக இருக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டி வரும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், சில நாடுகளில் நுழைய விசா வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்த விசயம் முக்கியம். ஒரே டிக்கெட்டில் கடைசி ஊர் வரை பெட்டி போகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விமான நிலையத்துக்குப் போக இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கட்டுநாயக்காவுக்குத் திரும்பி வரலாம். பஸ்ஸென்றால் கொழும்பு வரை போகாமல் குருநாகலில் இறங்கி நீர்கொழும்புப் பஸ் பிடிப்பது நேரம் மிச்சம். வாடகை வாகனத்தில் போகிறவர்கள் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை மறிக்கும் என்பதை இரவுப் பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் என்ற கணக்குக்கு மேல் இன்னும் இரண்டு மணி நேரம் வைப்பது வீணில்லை.

தஞ்சாவூர்

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரப் பறப்பு. திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ஓயாமல் பஸ் உண்டு, ஒன்றரை மணி நேரம். இந்தியாவுக்கு விசாவை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

பெரிய கோயிலை முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்தான். விமானம் சுமார் 216 அடி, முழுக்கக் கருங்கல். நுழைவுக் கட்டணம் இல்லை. செருப்பை வெளியே விட வேண்டும், பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. காலை ஒன்பதரைக்குப் பிறகு முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. ஓடிப்போய் நிழலில் நிற்பதிலேயே நேரம் போகும், கட்டடத்தைப் பார்க்க மனம் இருக்காது. விடியக் காலை ஆறு மணிக்குப் போங்கள். சந்நிதி கிழக்குப் பார்த்தது, அந்த நேரம் முகப்பில் வெயில் நேரே விழும். மத்தியானம் சந்நிதி பூட்டிவிடுவார்கள். பின்நேரம் நாலரைக்கு மறுபடி வந்தால் விமானத்தின் மேற்கு முகம் பொன்னாகத் தெரியும்.

கேரளாந்தகன் வாசல், அடுத்து இராசராசன் வாசல் என்று கோபுரங்களைத் தாண்டி உள்ளே போங்கள். பிற்காலக் கோயில்களில் கோபுரம் உயர்ந்து விமானம் சிறுத்திருக்கும், இங்கே விமானத்துக்குத்தான் உயரம். பிறகு வலமாகச் சுற்றும்போது தலையை நிமிர்த்தாமல் அடிப்பீடத்தைப் பாருங்கள். இடுப்பளவு உயரத்தில் ஓடும் எழுத்து வரிகள்தான் இந்தக் கோயிலின் கணக்குப் புத்தகம். யார் என்ன கொடுத்தார், எத்தனை விளக்கு, எந்த ஊர் எவ்வளவு நெல் என்றெல்லாம் வெட்டியிருக்கிறது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களைச் சொல்லும் ஒரு கல்வெட்டில் ஈழமான மும்முடிச் சோழ மண்டலத்து மாப்பிசும்பு கொட்டியாரம் என்ற பெயர் வருகிறது. மூதூரைச் சுற்றிய நம் கொட்டியாரப்பற்றுத்தான் அது என்பது ஆய்வாளர் கொள்கை. திருகோணமலைக்காரர் பெரிய கோயிலில் வெறும் பார்வையாளராக நிற்க வேண்டியதில்லை.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பின்நேரம் போய்ப் பாருங்கள், நன்றாகவே விழும். இந்தக் கதை இல்லாமலே கட்டடம் போதிய அதிசயம்.

இரண்டாம் நாள் கும்பகோணத்தில் தங்கி தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய ஊர்களின் சோழர் கோயில்களையும் பாருங்கள். உயரத்தைப் பார்க்கத் தஞ்சாவூர், நுணுக்கத்தைப் பார்க்கத் தாராசுரம்.

தாஜ் மகால்

இலங்கையர் பலர் தெரியாமல் இரட்டைக் காசு கட்டும் இடம் இது. வெளிநாட்டாருக்கு 1100 இந்திய ரூபா, சார்க் நாட்டாருக்கு 540. இலங்கை சார்க் நாடு. கடவுச்சீட்டைக் காட்டி சார்க் டிக்கெட் என்று கேட்க வேண்டும், இணையத்தில் எடுத்தாலும் அந்தத் தெரிவைத்தான் அமுக்க வேண்டும். சமாதி மண்டபத்துக்குள் போக இன்னும் 200 ரூபா, அதையும் அப்போதே எடுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் மற்ற இடங்களில் சார்க் நாட்டாருக்கு இந்தியர் கட்டணமே பொருந்தும். கட்டணங்கள் மாறலாம், பயணத்துக்கு முதல் வாரம் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பூட்டு. மற்ற நாட்களில் சூரியோதயத்துக்கு அரை மணி முன்னதாகத் திறக்கும், டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குச் செல்லும். டெல்லியிலிருந்து காலை ரயிலில் வருகிறவர்கள் சரியாக வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும்போது வந்து சேர்கிறார்கள். முதல் நாள் இரவே ஆக்ராவில் தங்கி விடியப்புறம் கிழக்கு வாசலில் நில்லுங்கள். அந்த வாசலுக்கு டிக்கெட் கொடுக்கும் இடம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து மின்கல வண்டி வரும். சாப்பாடு, புகையிலை, தீப்பெட்டி, கமரா முக்காலி எதுவும் உள்ளே விடமாட்டார்கள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று கொண்டுபோகலாம். பையைக் குறைத்தால் சோதனை வரிசையில் அரை மணி மிச்சம்.

கட்டட வேலை 1632இல் தொடங்கி, சமாதி 1648 அளவில் முடிந்தது. மினார் நான்கும் சற்று வெளிப்பக்கம் சாய்ந்து நிற்பதைக் கவனியுங்கள். உள்ளே முழு அமைப்பும் மும்தாஜின் கல்லறையை நடுவில் வைத்து இரு பக்கமும் ஒத்திருக்க, ஷாஜகானின் கல்லறை மட்டும் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே காண்பவை அடையாளக் கல்லறைகள், உண்மையானவை கீழறையில். உள்ளே படமெடுக்கக் கூடாது. பின்நேரம் யமுனையின் எதிர்க்கரையிலுள்ள மெஹ்தாப் பாக் தோட்டத்துக்குப் போனால் சனமில்லாமல் பின்புறத் தோற்றம் கிடைக்கும்.

அங்கோர்: மூன்று நாள்

ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குத்தான் கையில் காசு என்றால் அதை அங்கோருக்குச் செலவழியுங்கள். காரணம் எளிது. அங்கே சுவரில் உள்ள கதைகள் நமக்கு ஏற்கெனவே தெரியும். வேறு நாட்டார் வழிகாட்டிக்குக் காசு கொடுத்துக் கேட்பதை நாம் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்போம்.

டிக்கெட் ஒரு நாளுக்கு 37 அமெரிக்க டொலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் டிக்கெட்டை எடுங்கள், பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பாவிக்கலாம். டிக்கெட்டில் உங்கள் படம் இருக்கும், வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். டொலர் நோட்டுகளைக் கொழும்பில் வாங்கும்போதே கிழியாத, கறைபடாத நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஓரம் சிறிது கிழிந்தாலும் கம்போடியாவில் வாங்கமாட்டார்கள். புதிய விமான நிலையம் 2023இல் திறந்தது, அங்கோருக்குப் போகிறவர்கள் தங்கும் சியாம் ரீப் நகரத்திலிருந்து நெடுந்தூரம். ஹோட்டலிடம் முன்கூட்டியே வாகனம் சொல்லி வையுங்கள்.

முதல் நாளே அங்கோர் வாட் வேண்டாம். பயணக் களைப்போடு விடியப்புறம் நாலரைக்கு எழும்பினால் எட்டு மணிக்குக் கண் சொருகும். முதல் நாள் அங்கோர் தோம் நகரத்துக்குப் போய், ஏழாம் ஜெயவர்மன் கட்டிய பாயோன் கோயிலின் கல் முகங்களைக் காலையில் பாருங்கள். வெயில் ஏறியதும் மரவேர்கள் சுவரைக் கவ்விய தா புரோம். மத்தியானம் ஓய்வு.

இரண்டாம் நாள் அங்கோர் வாட். ஐந்து மணிக்குத் திறக்கும், கையில் சிறிய டோர்ச் வேண்டும். கோயில் மேற்குப் பார்த்தது, ஆகவே சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். முன்பக்கத்தில் இடக்கைப் பக்கக் குளத்தருகே எல்லோரும் நெருக்கியடிப்பார்கள். சூரியன் ஏறியதும் கூட்டம் கலையும். அந்த நேரத்தில் நீங்கள் எதிர்த் திசையில், உள்ளே போங்கள்.

நேரே கிழக்குக் கூடத்தின் தெற்குப் பாதிக்கு நடவுங்கள். அங்கேதான் திருப்பாற்கடல் கடையும் சிற்பம், ஏறக்குறைய 49 மீற்றர் நீளம். காலை வெயில் அந்தப் பக்கம் விழும். வாசுகியின் ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் திருமால், கீழே ஆமை, நடுப்பகுதியை நெருங்க நெருங்கத் துண்டு துண்டாகும் மீன்கள். அதை ஆறுதலாகப் பார்த்துவிட்டு, மற்றச் சுவர்களுக்கு மேற்கு வாசலிலிருந்து தொடங்குங்கள். வலக்கைப் பக்கம் திரும்ப வேண்டும். அப்படிச் சுற்றினால் கோயில் உங்கள் இடப்பக்கம் இருக்கும். நம் கோயில் முறைக்கு மாறாக இடமாகச் சுற்றுவதுதான் இங்கே சிற்ப வரிசை. கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் நினைவுக் கோயிலாகவும் இது இருந்திருக்கலாம் என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குருசேத்திரம், அரசனின் ஊர்வலம், சொர்க்கமும் நரகமும் என்று வரும். வடகிழக்கு மூலையில் சில சிற்பங்கள் பிற்காலத்தவை, தரமும் குறைவு, அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். கடைசியாக மேற்குக் கூடத்தின் வடபாதியில் இலங்கைப் போர். பத்துத் தலையும் இருபது கையுமாக இராவணன் தேரில், அனுமன் தோளில் நின்று அம்பு விடும் இராமன், கடித்தும் பிறாண்டியும் சண்டை போடும் குரங்குகள். இங்கே அரை மணி நேரமாவது நில்லுங்கள்.

மேல் தளத்துக்கு ஏறத் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். தோளைச் சால்வையால் மூடினால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், கையுள்ள சட்டைதான் வேண்டும். பௌத்தப் புனித நாட்களில் மேல் தளம் பூட்டு. படி செங்குத்து, முழங்கால் நோவுள்ள பெரியவர்கள் கீழேயே இருப்பது நல்லது. அவர்கள் இழப்பது அதிகமில்லை, சிற்பமெல்லாம் கீழேதான்.

மூன்றாம் நாள் பந்தேய் ஸ்ரெய். துக்துக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், காலை ஏழரைக்கே அங்கே நிற்கப் பாருங்கள். 967இல் பிரதிட்டை செய்யப்பட்ட சிறிய சிவன் கோயில், கட்டியவர் அரசரல்லர், யக்ஞவராகர் என்ற அந்தணர். சிவந்த மணற்கல்லில் மரத்தில் செதுக்கியது போன்ற வேலைப்பாடு. தெற்கு நூலகக் கட்டடத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையைத் தூக்குகிறான். கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் காட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகளை இதன் முன் நிறுத்தி, விளக்கம் சொல்லாமல் யார் என்று கேளுங்கள்.

போரோபுதூரும் பிரம்பானனும்

இரண்டும் ஜாவாவில், யோக்யகர்த்தாவிலிருந்து போகலாம். போரோபுதூர் சைலேந்திர மன்னர் காலத்து பௌத்தச் சின்னம். 504 புத்தர் சிலை, உச்சியில் துளையிட்ட 72 தாதுகோபம், சுவர்களில் 2672 சிற்பப் பலகை. இங்கே நடக்கும் பெரிய தவறு டிக்கெட்டில்தான். வளாகத்துக்குள் போகும் டிக்கெட் வேறு, மேலே ஏறும் டிக்கெட் வேறு. ஏறுவோர் தொகையை ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று மட்டுப்படுத்தி, நேரம் குறித்து, வழிகாட்டியோடுதான் அனுப்புகிறார்கள். கல் தேயாதிருக்க அவர்கள் தரும் செருப்பைத்தான் போட வேண்டும். திங்கட்கிழமை ஏற முடியாது. ஏறும் டிக்கெட்டை உறுதி செய்த பிறகு விமான டிக்கெட் எடுப்பதுதான் ஒழுங்கு. ஏறும் நேரம் குறைவு என்பதால் எல்லாப் பலகையும் பார்க்க எண்ணாதீர்கள். கிழக்குப் படியில் தொடங்கி வலமாக, முதல் கூடத்துப் புத்தர் வரலாற்றுச் சிற்பங்களோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச நேரத்தை மேல் வட்டத் தளங்களுக்கு வையுங்கள்.

பிரம்பானனில் 47 மீற்றர் சிவன் கோயிலின் உள்சுற்றில் இராமாயணம் வலமாகத் தொடங்கி, பக்கத்துப் பிரமன் கோயிலில் முடிகிறது. பின்நேரம் போங்கள்.

கீசாவும் பெட்ராவும்

எகிப்தின் பிரமிட்டுகள் உள்ள கீசாவில் டிக்கெட்டுக்குப் பணநோட்டு வாங்கமாட்டார்கள், வங்கி அட்டை தேவை. வெளிநாட்டுப் பாவனைக்கு அட்டையைத் திறந்துவிடும்படி இங்கேயே வங்கியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குஃபு பிரமிட் முதலில் சுமார் 146 மீற்றர், இன்று 138. உள்ளே போகத் தனி டிக்கெட். உள்ளே ஓவியமோ எழுத்தோ இல்லை. குனிந்தபடி, மூச்சு முட்டும் வெக்கையில் ஏறி ஒரு வெறும் கருங்கல் அறையில் போய் நிற்பீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் அடைபட்ட இடத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் அது வேண்டாம். ஒட்டகக்காரரிடம் பேசும்போது ஏறி இறங்குவது வரை சேர்த்து ஒரே விலை என்று பேசுங்கள், ஏறுவதற்கு ஒரு விலையும் இறக்குவதற்கு வேறு விலையும் கேட்பது அங்கே பழைய தந்திரம்.

பெட்ராவில் சீக் என்ற 1.2 கிலோமீற்றர் மலையிடுக்கைக் காலை ஆறரைக்கு நடந்து கடந்தால் கருவூலம் எனப்படும் பாறையில் குடைந்த முகப்பின் முன் அமைதி இருக்கும். முகப்பில் வெயில் விழுவதோ ஒன்பது மணிக்குப் பிறகு. இரண்டையும் வேண்டுகிறவர்கள் முன்னால் போய்க் காத்திருக்க வேண்டியதுதான். மேலே மடாலயம் எனப்படும் கட்டடத்துக்கு 800 படி, அதற்குப் பின்நேர வெளிச்சம் நல்லது. குதிரைச் சவாரி டிக்கெட்டில் அடக்கம் என்பார்கள், இறங்கியதும் அன்பளிப்புக் கேட்பார்கள். ஜோர்தான் பாஸ் என்ற கூட்டு டிக்கெட் விசாக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் என்று எங்கும் எழுதியிருக்கும். விசா தர வேண்டுமென்ற கட்டாயத்தை அது உண்டாக்காது, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முதலில் விசா, பிறகு பாஸ்.

மச்சு பிச்சு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

கனடா, ஐரோப்பாவிலுள்ள உறவினரோடு சேர்ந்து பெரு நாட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. நேரமும் சுற்றுப் பாதையும் குறித்த டிக்கெட் மாதக்கணக்கில் முன்னால் விற்றுத் தீரும். குறித்த பாதையில் பின்னோக்கி நடக்க விடமாட்டார்கள். போகும் வழியிலுள்ள குஸ்கோ நகரம் 3400 மீற்றர் உயரம், போய் இறங்கிய நாள் ஓடித் திரியாதீர்கள், தலையிடியும் வாந்தியும் வரும். இலங்கையிலிருந்து போகிறவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி. அந்தப் பக்க நாடுகளிலிருந்து திரும்பும்போது கட்டுநாயக்காவில் சான்றிதழ் கேட்பார்கள். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஊசி போடலாம். புறப்பட பத்து நாளாவது இருக்கும்போது போட்டால்தான் சான்றிதழ் செல்லும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களும் கர்ப்பிணிகளும் ஊசிக்கு முதல் டொக்டரோடு கதைக்க வேண்டும்.